நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்

நான் கணினிப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தபோது துறை அலுவலகத்தில் பாடத்திட்டப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். படிப்பை முடிக்கும் மாணவருக்கு என்னென்ன திறமைகள் வந்திருக்கும் என்று அதன் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருந்தது. நிஜ உலகத்தின் அமைப்பு ஒன்றைக் கணித மாதிரியாக மாற்றத் தெரியும். தரவு திரட்டத் தெரியும். குழுவாக வேலை செய்யத் தெரியும். துறை சாராதவர்களுக்கும் புரியும்படி விளக்கத் தெரியும். எனக்குப் பட்டியல் என்றால் பிடிக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன், வந்ததும் டிக் அடிக்கலாம் என்று. மூன்றாவது செமஸ்டர் முடிந்த பிறகும் எல்லாக் கட்டமும் காலியாகவே இருந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏசி அறை, தூசி ஆகாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில்கூட அவ்வளவு ஆசாரம் கிடையாது. அந்தக் குளிரில் உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராம், வரிசையில் நிற்பவர்களைப் பற்றியது. ஆட்கள் வருவார்கள், காத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் போவார்கள். எத்தனை கவுண்டர் வைத்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று அது சொல்லும். என் புராஜெக்டை மேற்பார்வை பார்த்த பேராசிரியர் பிரிண்ட் அவுட்டைப் புரட்டினார்.

"எல்லாம் சரிம்மா. இந்த ஜனங்க எங்கேர்ந்து வந்தாங்க?"

"ரேண்டம் நம்பர் சார்."

"ரேண்டம் நம்பர் கால் வலிக்குதுன்னு சொல்லுமா? நிஜமா ஒரு வரிசையை அளந்துட்டு வா. அப்புறம்தான் என் கையெழுத்து."

கையெழுத்து இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் படிப்பு. ஜூனில் வந்து சேரும்படி ஒரு சாப்ட்வேர் கம்பெனி சொல்லியிருந்தது, பட்டம் கையில் இருந்தால் மட்டும். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அம்மா தெருவில் சொல்லி முடித்திருந்தாள்.

முதலில் தி. நகரில் ஒரு பாங்க்குக்குப் போனேன். பரீட்சை அட்டையும் கடிகாரமுமாக நான் நின்றதைப் பார்த்து, துப்பாக்கி வைத்திருந்த காவலாளி மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, கூட்டம் எப்போது குறையும் என்பது எனக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அடுத்தது மேற்கு மாம்பலத்தில் ஒரு ரேஷன் கடை. அங்கே வரிசை இருந்தது, ஆட்கள்தான் இல்லை. பைகளும் செங்கற்களும் இடம் பிடித்து நின்றன. செங்கல் நகர்ந்து போக என் புரோகிராமில் வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தி. நகரிலேயே ஒரு மண்டபத்தில் அத்தை பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முதல் நாள் மாலை ரிசப்ஷன். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரே வாசல், உள்ளே அளவான நாற்காலிகள், வெளியே பசியோடு ஊரே இருந்தது. இதைவிட நல்ல வரிசை எனக்குக் கிடைக்காது. பட்டுப் புடவையோடு, அப்பாவின் கைக்கடிகாரத்தையும் பரீட்சை அட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலோரம் நின்றேன். சாம்பார் வாளியோடு போன பரிமாறுகிறவர் நின்று கேட்டார்.

"இன்னாம்மா, வந்ததுலேர்ந்து எய்திக்கினே கீறே. துன்னியா?"

"அப்புறம் சாப்பிடறேன்."

"அப்பாலன்னா ரசந்தான் கீது, பார்த்துக்கோ."

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சமையல் காண்டிராக்டருக்கு இலைக் கணக்கில்தான் பணம். அதனால் பெண் வீட்டில் யாராவது ஒருவர், எல்லாம் முடிந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் இலையை எண்ணுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடப் போகும்போது வாசலில் நின்று தலையை எண்ணுகிற வழக்கம் எந்தக் குடும்பத்திலும் இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா என் எதிரே வந்து நின்றார்.

"ஏம்மா, எங்க மனுஷா எத்தனை பேர் சாப்பிடறான்னு எண்ணிண்டிருக்கியா?"

"இல்லை மாமா. நீங்கள்லாம் வந்து உட்கார்ற வரைக்கும் எவ்வளவு நேரம் காத்துண்டிருக்கேள்னுதான் பார்க்கறேன்."

"ஓஹோ! எங்களைக் காக்கவும் வெச்சுட்டு, எவ்வளவு நேரம் வெச்சோம்னு கடிகாரத்துல வேற பார்க்கறேளா? பேஷ்!"

அவர் திரும்பிப் போய் ஹாலில் உட்கார்ந்தார். பொண்ணாத்தில் ஆள் போட்டு எண்ணுகிறார்கள் என்ற செய்தி, நாதஸ்வரத்தையும் தாண்டி நாற்காலி நாற்காலியாகப் போனது. சாப்பிடக் கிளம்பியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அத்தை ஓடி வந்தாள்.

"ஏண்டி, உன் எம்.இ.க்கு என் பொண்ணு கல்யாணம்தானா கிடைச்சது? விடிஞ்சா முகூர்த்தம்! நீயே போய் அவர்கிட்ட சொல்லு. அவர் இலையில உட்காரலேன்னா நீ பாஸே பண்ண வேண்டாம், ஆமாம்!"

போனேன். முதலில் வகுப்பில் சொல்வது போலவே விளக்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது. வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"மாமா, மாம்பலம் ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்கப் போறேள். ரெண்டு கவுண்டர் இருக்கு. எதுல நிப்பேள்?"

"எதுல நின்னாலும் பக்கத்துதான் சீக்கிரம் நகரும்."

"அது ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் என் படிப்பு."

"இதுக்கு ஒரு படிப்பா?"

"ஆமாம் மாமா."

"இதுக்கு சர்க்கார் ஸ்காலர்ஷிப் வேற தரதா?"

"மாசாமாசம் தரது மாமா."

அவருடைய கோபம் அந்த இடத்தில் திசை மாறி, அரசாங்கத்தின் மேல் போனது. சற்று நேரம் அதைத் திட்டிவிட்டு எழுந்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். பெண் வீட்டு மனிதர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். கடிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படியாக எனக்கு ஒரு குழு அமைந்தது. நாங்கள் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் கிரிக்கெட் வர்ணனை போலச் சத்தமாகச் சொல்ல, நான் எழுதினேன். "மாம்பழக் கலர் மாமி வந்தாச்சு! மாமி உள்ளே போயாச்சு!" மாமிகள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனார்கள். ஆனால் யாருமே வாசலில் நிற்கவில்லை. காத்திருந்த நேரம் என்ற பத்தியில் வரிசையாகப் பூஜ்யம் விழுந்தது.

"பார்த்தியா, எங்களை யாரும் காக்க வைக்கலே. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் அவர், பெரிய மனதோடு.

எனக்கோ அது போதாது. பூஜ்யங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறு மாதம் நிச்சயம். உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. நடு வரிசைகளில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர், முதுகுச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவரின் இலையையே பார்த்தபடி நின்றிருந்தார். நானும் பிறந்ததிலிருந்து கல்யாணங்களில் அப்படித்தான் நிற்கிறேன். ஆனாலும் என் புரோகிராமில் வரிசையை வாசலில்தான் வைத்திருந்தேன்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது. சுவரை ஒட்டிய வரிசையில் பின்னால் நிற்க இடமில்லை. அங்கே உட்கார்ந்தவர்கள் இரண்டாம் முறை ரசம் கேட்டார்கள், பேரன் பேத்தி கதை பேசினார்கள். நடு வரிசைகளில் உட்கார்ந்தவர்கள், பின்னால் ஆள் வந்ததும், பாயசத்தை அவசரமாக வழித்துவிட்டு இலையை மடித்தார்கள். காத்திருப்பவர் இருந்தால் சாப்பிடும் வேகம் மாறுகிறது. இதை நான் சொன்னதும் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதெல்லாம் மத்தவாளுக்கு. என் பின்னாடி யார் நின்னாலும் நான் ஆற அமரத்தான் சாப்பிடுவேன். வா, நீயே நில்லு!"

அவர் நடு வரிசையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். சாம்பார் வரை நிதானமாக இருந்தார். ரசத்தின்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர் கை போன வேகத்தில், பரிமாறுகிறவர் மோர் எடுத்து வருவதற்குள் இலை மடிந்திருந்தது. கை கழுவப் போகும்போது, "அப்பளம் சரியாப் பொரியலே" என்று மட்டும் சொன்னார். அவர் சாப்பிட்டுவிட்டதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். மறுநாள் முகூர்த்தம் நன்றாக நடந்தது.

புரோகிராமைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பி எழுதி, லேபில் நடந்த இறுதி ரிவ்யூவுக்குப் போனேன். மூன்று பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். வரைபடத்தைக் காட்டி, பின்னால் ஆள் நிற்கும்போது சேவை வேகம் கூடுகிறது என்று சொன்னேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கட்டத்துல போய் நிக்கறதா எடுத்துக்கிட்டீங்க?"

"பாயசம் வந்ததும் சார்."

"தப்பு. ரசத்துலயே போய் நின்னாத்தான் இடம் கிடைக்கும்."

"ரசத்துல நிக்கறது அநாகரிகம் சார்" என்றார் இன்னொருவர். "எங்க பக்கம் மோர் சாதம் வரைக்கும் பொறுத்திருப்போம்."

"அதான் உங்க பக்கம் கடைசிப் பந்தி வரைக்கும் சாப்பிடறதில்லே."

விவாதம் நீண்டது. என் புரோகிராமில் ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் என் பேராசிரியர் பேனாவைத் திறந்துவிட்டு, வரைபடத்தின் ஒரு மூலையில் தனியாகக் கிடந்த புள்ளியைத் தொட்டார்.

"இது என்ன? மனுஷன் இவ்வளவு சீக்கிரமா சாப்பிட முடியாதும்மா. அளந்ததுல தப்பு. எடுத்துடு."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. சரி என்று சொன்னால் அப்போதே கையெழுத்து.

"தப்பு இல்லை சார். பின்னாடி நின்னது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குச் சொல்ல போன் பூத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.