சவரிநாதன் மொட்டைமாடியில் காயப்போட்ட இத்தாலி

இத்தாலியிலேயே கிடைக்காத இத்தாலியச் சாப்பாட்டை நான் திருச்சி புத்தூரில் சாப்பிட்டிருக்கிறேன். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறேன். நான் இத்தாலிக்குப் போனதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டியதே நாலைந்து தடவைதான். ஆனால் சவரிநாதன் போயிருக்கிறார்.

அவர் தஞ்சாவூர் பஸ் டிரைவர். யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டிக்கொண்டு இத்தாலி வரைக்கும் போனவர். அங்கே ஒரு மலைக்கிராமத்தில் லாரி பனியில் மாட்டிக்கொள்ள, ஒரு கிழவி பத்து நாள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டாளாம். அவளிடம் சமையலும் கற்றுக்கொண்டாராம். திருச்சியில் பஸ் கிளம்பினால், காட்டூர் வருவதற்குள் இத்தாலியில் பனி பெய்யத் தொடங்கிவிடும். ஒருவரும் நம்பியதில்லை. அவர் மனைவி லூர்துராணியும் நானும் ஒரே ஸ்கூலில் டீச்சர்கள். "வெந்நீர் போடத் தெரியாத மனுஷன், டீச்சர்" என்பாள்.

1958இல் ஒரு வியாழக்கிழமை, தஞ்சாவூரில் கோயில் பார்த்துவிட்டு ஓர் இத்தாலியத் தம்பதி அவர் பஸ்ஸிலேயே ஏறினார்கள். கார்லோ, ரோசல்பா. சவரிநாதன் தமக்குத் தெரிந்த நாற்பது இத்தாலியச் சொற்களையும் செலவழித்து, மறுநாள் சாயங்காலம் உங்கள் ஊர்ச் சாப்பாடு என் வீட்டில் என்று அழைத்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டீங்க" என்றாள் லூர்துராணி. "இனிமே கிழவி கதை செல்லாது. சாப்பிடப் போறது அந்த ஊர்க்காரங்க."

"ஆட்டுக்கறி போட்டு..."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. அவங்களும் வேதக்காரங்கதானே?"

கத்தோலிக்கர்களுக்கு வெள்ளிக்கிழமை கறி கூடாது. ஆகவே தக்காளியும் பூண்டும் மட்டும் என்றாயிற்று. அதனால் கறி தொடாத எனக்கும் வாசல் திறந்தது. இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் அகத்து மனிதர்களிடம், காபி மட்டும்தான் குடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சவரிநாதன் விடியற்காலையிலேயே கோதுமை மாவு பிசைந்து, முறுக்கு நாழியில் போட்டு, மொட்டைமாடியில் வேட்டி விரித்து நீள நீளமாகப் பிழிந்து காயவிட்டு டூட்டிக்குப் போனார். மத்தியானம் மாமியார் பாக்கியமேரி மாடிக்குப் போனார். வேட்டியில் பிழிந்து காய்வது வேறென்னவாக இருக்கும்? வடகம்தான். விருந்தாளி வருகிறார்களே என்று அத்தனையையும் எண்ணெயில் பொரித்துத் தகர டின்னில் அடைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சவரிநாதன் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"உப்புதான் பத்தலை மாப்பிள்ளை. மத்தபடி நல்லாப் பொரிஞ்சுச்சு."

சவரிநாதன் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பதிமூணு வருஷமாச் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு, டீச்சர்."

அதற்குள் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

கிழவி கதையிலிருந்து நடந்ததையெல்லாம் நான் சொல்ல, கார்லோ மொழிபெயர்க்க, ரோசல்பா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். பிறகு நேரே உள்ளே வந்து கையலம்பி மாவைக் கேட்டாள். காயவே வேண்டாமாம், பிழிந்த கையோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டால் போதுமாம்.

"எங்க கிழவி காயப்போட்டாளே!" என்றார் சவரிநாதன்.

"அங்க எங்கம்மா இல்லியே, அதான்" என்றாள் லூர்துராணி.

ரோசல்பா முறுக்கு நாழியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிழிந்து தள்ளினாள். கார்லோ டின்னோடு உட்கார்ந்துவிட்டார். குழம்பு மட்டும் சவரிநாதன் பொறுப்பு. தக்காளியைத் தோலுரித்து, பூண்டைத் தட்டி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, கொல்லையிலிருந்து திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டார். பாக்கியமேரி மிளகாய்த்தூள் டப்பாவோடு நெருங்கினார்.

"அத்தை, வேணாம்!" சவரிநாதன் சட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

வாழை இலையில் பரிமாறினோம். ரோசல்பா ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கார்லோவிடம் ஏதோ சொன்னாள். அவர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"அந்தக் கிழவி எந்த ஊர்னு கேக்கறா. இது ஓட்டல்ல கத்துண்டது இல்லையாம், ஒரு வீட்டு அடுப்படியில கத்துண்டதாம். எண்ணெய் மட்டும்தான் வேறயாம்."

லூர்துராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று இலையைத் தள்ளினாள். ரோசல்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதுவரை எழுதி லூர்துராணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"துடைச்சது இவரு, டீச்சர். அவ சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. அடுப்புப் புகைன்னு இவரு சமாளிச்சாரு. அடுப்பை அணைச்சு அரை மணி நேரமாச்சு."