பட்டியலில் செல்லப்பன்

சுப்பையா அங்கிளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அது எனக்கும் தொற்றிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. அதனால் இதை நான் அமைதியாகச் சொல்லுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ரோவில்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மலேசியாக்காரர், வயது எண்பத்து மூன்று. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த வருஷம், ஏழாங்கட்டைத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மெல்பேர்ணுக்கு வந்து இருபது வருஷம் தபால் பிரிக்கிற வேலை பார்த்தார். முகவரி பிழையான கடிதங்களை மற்றவர்கள் திருப்பி அனுப்பும் பெட்டிக்குள் எறிந்துவிடுவார்களாம். இவர் தேநீர் நேரத்திலும் அதோடு மல்லுக்கட்டி, உரியவரைக் கண்டுபிடித்துத்தான் எழும்புவாராம். பார்வை குறைந்து லைசென்ஸ் போனபிறகு நான்தான் அவருக்குச் சாரதி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். அப்பா செத்த நாள் தெரியாததால் அவருக்கு அந்த நாள்தான் திதி.

அப்பாவின் பெயர் காத்தமுத்து. நாற்பத்து மூன்றாம் ஆண்டு, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டந்தோட்டமாகத் தமிழர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காலையைப் பற்றி அங்கிளின் அம்மா சாகும்வரை ஒரே மாதிரித்தான் சொன்னாராம். தோட்டத்துக் கிளார்க் கையில் பட்டியலோடு வந்து கொழுந்தனைக் கூப்பிட்டார். கொழுந்தன் காய்ச்சலில் கிடந்தார். "தம்பிக்கு முடியலன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று காத்தமுத்து வெளியே போனார். சொல்லப் போனவரைத் தலைக்கணக்குக்குப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

அந்தத் தோட்டத்திலிருந்து போன ஒருவரும் திரும்பவில்லை. போர் முடிந்து மற்றத் தோட்டங்களுக்குத் திரும்பியவர்களை அம்மா தேடித்தேடிப் போய்க் கேட்டார். "ஏழாங்கட்டைத் தோட்டத்துக் காத்தமுத்துவைப் பார்த்தீங்களா?" மூன்று வயதுப் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படி ஒருவரைத் தெரியாது என்றே எல்லாரும் சொன்னார்கள். செத்தார் என்று சொல்ல ஆளில்லாததால் அவர் தாலியைக் கழற்றவில்லை. எண்பத்தாறில் அந்தத் தாலியோடும் பொட்டோடும்தான் அவரை எரித்தார்கள்.

போர் நடந்த எங்கள் ஊரிலும் இப்படிப் பொட்டோடு, காணாமல் போன ஆளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். 

இந்த மார்ச்சில் டார்னெய்ட்டில் இருக்கிற தமிழ்ச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ரயில் பாதையில் செத்த தமிழர்களுக்கு ஒரு கல் வைக்கப்போகிறார்களாம். அங்கே கைதியாக இருந்த ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய், கூலிகளின் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வேலை செய்தபோது செத்தவர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய குடும்பம் அதன் பிரதியைச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தது. செயலாளர் கேத்ரின், சிங்கப்பூர்ப் பெண், பெயர்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். கல்லுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்க்க அங்கிளைக் கேட்டிருந்தாள்.

நாற்பத்தொரு பெயர்கள். அவற்றுக்குக் கீழே, அவற்றைவிடப் பெரிய எழுத்தில், தலைவர் பாலகிருஷ்ணன் முதற்கொண்டு பதினொரு நிர்வாகிகளின் பெயர்கள். அங்கிள் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக வாசித்து வந்தார். இருபத்தேழாவதில் நின்றுவிட்டார்.

"இது யாரும்மா?"

"ஏழாங்கட்டைத் தோட்டம் செல்லப்பன். காலரா. நாப்பத்து மூணு ஆகஸ்ட் பதினேழு. உங்க தோட்டம்தானே அங்கிள், தெரிஞ்சவரா?"

"தெரியும். எண்பத்தொண்ணுல நான்தான் கொள்ளி வெச்சேன்."

கேத்ரினுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"எங்க தோட்டத்துல ஒரே ஒரு செல்லப்பன். எங்க சித்தப்பா. அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தவர். இதுல இருக்கறது எங்கப்பா. கிளார்க் ஆளை மாத்தினான், பேரை மாத்தல."

"வேற செல்லப்பனா இருக்கலாம் அங்கிள். புரூஃப் இல்லாம மாத்தினா கமிட்டி ஒத்துக்காது. நோட்டுல உள்ளதைத்தான் டைப் பண்ணினேன்."

"நோட்டைக் காட்டு."

கணினியில் பக்கத்தைப் பெருப்பித்தாள். பெயர், தோட்டம், நோய், தேதி. அதற்குப் பிறகு இன்னொரு கட்டத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

"இதை ஏன் விட்டே?"

"அது ரிமார்க்ஸ். கல்லுல இடமில்ல அங்கிள்."

அவர் கண்ணுக்குப் பென்சில் எழுத்துத் தெரியவில்லை. நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன். "இது தன் பெயர் இல்லை என்கிறான். பட்டியலில் இதுதான் இருக்கிறது."

அங்கிள் மேசையில் ஓங்கி அடித்தார். தண்ணீர்ப் போத்தல் உருண்டு விழுந்தது.

"செத்துட்டு இருக்கிற மனுஷன் சொல்லியிருக்காரு. பேசத் தெம்பில்லாதப்பவும் சொல்லியிருக்காரு, நான் அவன் இல்லன்னு. ஜப்பான்காரன் கேக்கல. இந்த வெள்ளைக்காரன் பாவம், அதையாவது எழுதி வெச்சான். எண்பது வருஷம் கழிச்சு நீ அதை இடமில்லன்னு வெட்டியிருக்கே."

கேத்ரின் அழுதுவிட்டாள். தலைவருக்கு அழைப்பெடுத்தாள். பாலகிருஷ்ணன் ஒலிபெருக்கியில் மிகவும் பொறுமையாக விளக்கினார். பெயரை மாற்றலாம், ஆனால் விளக்கமெல்லாம் போட ஏலாது, ஆளுக்கு ஒரு வரிதான், இனிக் கல்லில் இடமே இல்லை என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இடம் கிடக்குது. உங்கட பதினொரு பேரையும் எடுங்கோ. நீங்கள் என்ன, சயாமுக்குப் போய்த் தண்டவாளக் கட்டை சுமந்தனீங்களோ?"

செத்தவர்களுக்குக் கல் வைக்கிற இடத்திலும் தன் பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்கிற ஆசை நம் ஆட்களை விட்டு எந்த நாட்டுக்கு வந்தாலும் போகாது. இரண்டு கிழமை இழுத்தடித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள். அதற்கும் நான் ஏழு அழைப்பு எடுக்கவேண்டியிருந்தது.

அன்று டார்னெய்ட்டிலிருந்து திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆனது. பாதி வழியில் அங்கிள் தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சயாம்ல இருந்து ஆள் வந்திருக்குன்னா அம்மா ஓடுவாங்க. சித்தப்பா மட்டும் வரமாட்டார். வேலை இருக்கும்பார். என்னைப் படிக்க வெச்சவர் அவர்தான். நல்லவருன்னு தலைல தூக்கி வெச்சு ஆடினேன். பட்டியல்ல யார் பேர் இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும் யோகா. அவரைத்தானே கூப்பிட்டாங்க. அம்மாவுக்குத்தான் தோணல, அவருக்குமா தோணாது?"

"பயந்திருப்பார் அங்கிள்."

"முப்பத்தெட்டு வருஷமா? அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு?"

காரை ஓட்டினேன்.

ஏப்ரலில் கல் திறக்கு முன்பு கேத்ரின் ரோவில்லுக்கே புதிய பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். கீழே நிர்வாகிகள் இல்லை. இருபத்தேழாவது பெயருக்கு இரண்டு வரி இருந்தது. "காத்தமுத்து, ஏழாங்கட்டைத் தோட்டம். பட்டியலில் செல்லப்பன்."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா பேர் வந்தாச்சே அங்கிள். ரெண்டாவது வரியை எடுத்துடலாமா? உங்க சித்தப்பா மரியாதைக்கு அது நல்லா இருக்கும்."

அங்கிள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும்மா. எங்கம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கணும்னு எல்லாரும் படிக்கட்டும்."