மார்லிஸின் மூன்று நொடிகள்

மார்லிஸ் கோஸ்கிக்குத் தன் முகமே பிடிக்காமல்போனது ஒரு வியாழக்கிழமை மாலையில்தான். அதுவரை அந்த முகம்தான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

எஸ்கனாபா என்ற அந்தக் குளிர்நாட்டுச் சிற்றூரில் வியாழக்கிழமை என்றால் பெண்களுக்குப் பவுலிங். கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். மார்லிஸின் குழுவில் நல்ல கை டோரீன் லாபியருடையது. காலமெல்லாம் பள்ளிப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்து உரமேறிய கை. அன்று அந்தக் கை தளர்ந்திருந்தது. பந்து ஒருமுறை ஓரப் பள்ளத்தில் விழுந்தது, மறுமுறையும் விழுந்தது. அதற்குமேல் டோரீன் பந்தைத் தொடவில்லை. பெஞ்சில் சரிந்து, தன் கோப்பைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அப்புறம் மார்லிஸின் கோப்பையையும் எடுத்துக் காலி செய்தாள்.

"என்னடி, கருவாட்டு மூட்டையையா முழுங்கிட்டு வந்த?" என்றாள் மார்லிஸ்.

"சும்மா தாகம். அந்தச் சொட்டு மருந்து வேலை செய்யறப்ப அப்படித்தான் இருக்குமாம். உள்ள இருக்கற சர்க்கரை கரைஞ்சு வெளிய போகுதாம்."

"எந்தச் சொட்டு மருந்து?"

டோரீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன்னோடதுதான். பயப்படாத, நான் யார்கிட்டயும் சொல்லல. உனக்கும் சர்க்கரைன்னு ஃபோனைப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லலியேன்னு கொஞ்சம் வருத்தந்தான். அவளா சொல்றப்ப சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

மார்லிஸுக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். முன்பின் தெரியாதவனின் கார் பனியில் மாட்டினால் விரல் விறைக்கும்வரை தள்ளுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் நோயைப் பற்றி மட்டும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

டோரீன் ஃபோனை நீட்டினாள். திரையில் மார்லிஸ் தன் சமையலறை ஜன்னலோரம் நின்று, கண்ணில் ஈரம் மின்ன, "மாத்திரை மருந்தெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டேன். என் டாக்டரே அசந்துட்டாரு. இந்த வீடியோவ நீக்கச் சொல்லுவாங்க, அதுக்குள்ள பாத்துடுங்க" என்றாள். அடுத்து யாருடைய கையோ ஒரு சின்னப் புட்டியைத் திறந்தது. நாக்கடியில் சொட்டு. சர்க்கரை இறங்குவதாக ஒரு கோடு. கடைசியில் மறுபடியும் மார்லிஸின் சிரிப்பு.

"ஊசிய நிறுத்திட்டியா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நீ நிறுத்தலாம், நான் நிறுத்தக் கூடாதா?"

வீடியோவில் கேட்ட சொற்கள் மார்லிஸ் பேசியவைதான். பேசியது வேறொன்றுக்காக.

முன்பு அவள் ஊரிலிருந்த பெரிய கடையில் அழகுப் பொருள் மேசைக்குப் பின்னால் நின்றவள். கடை மூடியது. வீட்டில் உட்கார்ந்தவளின் ஃபோன் அவளை வேவு பார்க்கத் தொடங்கியது. முழங்கால் வலிக்கிறது என்று ஒருமுறை தேடினாள். மறுநாளிலிருந்து உலகத்து முழங்கால் பட்டைகளெல்லாம் அவள் திரையில் ஊர்வலம் வந்தன. தூக்கம் வரவில்லை என்று தேடினாள், தலையணைகள் வந்தன. தனிமை என்று எதையும் தேடவில்லை, அதுவும் எப்படியோ தெரிந்துபோய், பேசும் விளக்கு ஒன்று வந்தது. வாங்கினாள். வெங்காயம் நறுக்கும் கருவி, கழுத்து நீவும் கருவி, செருப்புக்குள் வைக்கும் மெத்தை எல்லாம் வாங்கினாள். அலமாரி நிரம்பியது, மனம் நிரம்பவில்லை. விளம்பரத்துக்கு வேண்டியதும் அந்த நிரம்பாத மனம்தான்.

செருப்பு மெத்தை மட்டும் உண்மையாகவே கொஞ்சம் உதவியது. வலி மாத்திரையைக் குறைத்தாள். அதைச் சொல்லி ஒரு வீடியோ போட்டாள். விளம்பரப் படம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவளைப் பிடித்துக்கொண்டது. 'உங்களைப் போன்ற நம்பகமான முகம்தான் எங்களுக்கு வேண்டும்.' நம்பகம் என்றால் என்ன? ஐம்பது வயது தாண்டிய, பக்கத்து வீட்டுக்காரி போன்ற, விற்பவள் போலத் தெரியாத விற்பனைக்காரி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விளம்பரத்தின் முதல் மூன்று நொடியைத் தனியாக எடுப்பார்கள். அதற்கு ஹூக் என்று பெயர், தூண்டில் முள். விரல் தள்ளிவிட்டுப் போகாமல் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒரே பொருளுக்குப் பத்துப் பன்னிரண்டு முள் கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. பொருளின் பெயரைச் சொல்லாமல், 'அது', 'இது' என்று பொதுவாகப் பேசச் சொல்வார்கள். எந்த மீனுக்கும் பொருந்த வேண்டுமல்லவா! எழுதிக் கொடுத்ததை மார்லிஸ் பேசினாள். அழ வேண்டிய இடத்தில் அழுதாள். ஒப்பந்தத்தின் அடியில் 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொட்டாள். அவள் முகத்தின் துண்டுகளை எங்கே வேண்டுமானாலும், எதனோடு வேண்டுமானாலும், எக்காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. செருப்பு மெத்தைக்குப் போட்ட முள் இப்போது சர்க்கரைத் தண்ணீரில் கிடந்தது. அதைக் கவ்வியவள் டோரீன்.

மறுநாள் முழுக்க மார்லிஸ் ஓரிடத்தில் உட்காரவில்லை. காப்பியை ஊற்றினாள், குடிக்க மறந்தாள். நிறுவனத்துக்கு எழுதினாள். 'வணக்கம் மார்லிஸ்! உங்கள் ஆர்வம் எங்களை மகிழ்விக்கிறது!' என்று எந்திரம் பதில் எழுதியது. விளம்பரம் ஓடும் தளத்தில் புகார் செய்தாள். 'பரிசீலித்தோம். இது எங்கள் விதிகளை மீறவில்லை' என்றது இன்னொரு எந்திரம்.

சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். தானே ஒரு விளம்பரம் கொடுக்கப் புறப்பட்டாள். யாருக்குக் காட்ட வேண்டும் என்று தளம் கேட்டது. வயது ஐம்பதுக்கு மேல். எஸ்கனாபாவும் சுற்று ஊர்களும். ஆர்வம்: சர்க்கரை நோய். அதற்குக் கீழே தளம் தானாகவே ஒரு யோசனை சொன்னது: 'மருந்துத் தள்ளுபடி தேடுவோர்.' மார்லிஸின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. டோரீனை அவர்கள் நோயை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. கையில் காசில்லாததை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவளால் ஊசி வாங்க முடியவில்லையோ, அவள் எந்தப் பொய்யையும் வாங்குவாள் என்று ஒரு கணக்கு எந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. சாமியாடிகூட வாசலுக்கு வருபவனின் மடியைத்தான் பார்ப்பான். இது ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்குள்ளும் புகுந்து, யார் மடி காலி என்று பார்த்துவிட்டு வருகிறது.

'அந்த வீடியோவில் இருப்பது நான்தான். எனக்குச் சர்க்கரை இல்லை. அந்தச் சொட்டை நம்பாதீர்கள், ஊசியை நிறுத்தாதீர்கள்' என்று பேசி அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது. பார்ப்பவரின் நோயைக் குறிப்பிடுவது விதிமீறலாம். பொய்க்கு அனுமதி உண்டு. அந்தப் பொய்யை மறுக்கும் உண்மைக்கு விதி உண்டு.

காரை எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக்கே போனாள். டோரீன் சமையலறை மேசையில் மாவை மடித்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துப் பாஸ்டி செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சின்னப் புட்டி. மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

டோரீன் மாவை அழுத்தி விளிம்பு மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு மிரட்டினா உன்ன?"

"யாரும் மிரட்டல டோரீன். அது பொய்."

"வீடியோவ நீக்கச் சொல்லுவாங்கன்னு நீதானே சொன்ன. சொன்ன மாதிரியே நடக்குது. மருந்துக் கம்பெனிக்காரன் வந்தானா? காசு குடுத்தானா?"

அந்த வரியை எழுதியவன் எவனோ, முன்கூட்டியே மார்லிஸின் வாயைத் தைத்துவிட்டிருக்கிறான். அவள் எவ்வளவு கத்துகிறாளோ, ஃபோனில் இருக்கும் மார்லிஸ் அவ்வளவு உண்மையாகிறாள்.

"உன் எதிர்ல நான் நிக்கறேன்டி! என்ன நம்புவியா, அந்தப் பொம்மைய நம்புவியா?"

"அது அழுதுச்சு. நீ கத்தற."

மார்லிஸ் விடுவிடுவென்று வெளியே போனாள். டோரீன் அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்தாள். ஆனால் மார்லிஸ் காரிலிருந்து, வீடியோ எடுக்கும்போது வைக்கும் தன் வட்ட விளக்கோடு திரும்பி வந்தாள். வாசலோரம் கிடந்த, கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்க் குடுவையையும் தூக்கி வந்தாள். பனிக்காலத்தில் அது இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது.

"ஜன்னல்கிட்ட நில்லு."

"அடுப்புல வேலை இருக்கு எனக்கு."

"நில்லுன்னா நில்லு. உன் முதுகு வலி எப்படிப் போச்சு?"

"கர்ட் பழைய மெத்தையத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டு வந்தாரே, அப்பறம் போச்சு." கர்ட் அவள் கணவன்; இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

"மெத்தைன்னு சொல்லாத. அதுன்னு சொல்லு. எவ்வளவு கஷ்டப்பட்ட, அப்பறம் எப்படித் தூங்கின, அத மட்டும் சொல்லு."

டோரீன் முனகிக்கொண்டே மாவுக் கையோடு விளக்கின் முன் நின்றாள். "வருஷக்கணக்கா வலி. பஸ்லேருந்து எறங்கவே அழுவேன். அப்பறம் கர்ட் அத வீட்டுக்குக் கொண்டாந்தாரு..." கர்ட் என்றதும் குரல் உடைந்தது. "அன்னிக்கு ராத்திரிதான் நான் அசந்து தூங்கினேன்."

மார்லிஸ் ஒரு கண்ணாடிக் கோப்பையில் நீலத் தண்ணீரை ஊற்றுவதைப் படமெடுத்தாள். இரண்டையும் ஒட்டினாள். தொழில் தெரிந்த விரல்கள், நொடியில் முடித்தன. கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டு ஃபோனை நீட்டினாள்.

திரையில் டோரீன் அழுதாள். கர்ட் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீலத் தண்ணீர் கோப்பையில் நிரம்பியது. அன்று இரவு டோரீன் அசந்து தூங்கினாள்.

டோரீன் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "அடிப் பாவி! குடிச்சா அப்பறம் எழுந்திரிக்கவே மாட்டேன்!" மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பொய்யே சொல்லலியே" என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல."

"நானும் செருப்பு மெத்தைக்குத்தான் பேசினேன்."

"கர்ட்டோட பேர வெச்சுல்ல வித்துட்ட."

"அவங்க அதத்தான் விப்பாங்க."

டோரீன் எழுந்து மேசை இழுப்பறையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தாள். விரலைக் குத்தினாள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்ததும் மார்லிஸின் முகம் வெளுத்தது. ஆனால் டோரீனுக்கு வந்தது பயமல்ல, கோபம்.

"சரி. அது பொய். ஒத்துக்கறேன். இப்ப நீ எனக்கு ஒண்ணு சொல்லு. ஊசி மருந்து என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு? அத வாங்கினா குளிருக்கு வீட்டச் சூடாக்கக் காசிருக்காது. நான் முட்டாள்னா அந்தப் புட்டிய வாங்கினேன்? என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான், அதனால வாங்கினேன். உண்மைய மட்டும் சொல்லிட்டு நீ கெளம்பிப் போயிட்டா, அந்த உண்மைய நான் உடம்புல ஏத்திக்க முடியுமா?"

மனிதர் உயிரோடிருக்கத் தேவையான மருந்துக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையைக் கட்ட முடியாதவர்களின் பட்டியலைப் பொய்யர்களுக்கு விற்கும் நாட்டில், ஒருத்தியிடம் மட்டும் பதில் எப்படி இருக்கும்? மார்லிஸிடம் இருந்தது கார்ச் சாவி.

"கோட்டப் போடு."

"பாஸ்டி வேகணும்."

"அடுப்ப அணை. மாவட்டச் சுகாதார நிலையம் இன்னும் மூடியிருக்காது. வருமானம் கம்மின்னா மருந்து கொறச்சுத் தருவாங்களாம். தரலேன்னா கேட்டுக்கிட்டே நிப்போம்."

"கேக்கறதுக்கு வெக்கமா இருக்கு மார்லிஸ்."

"வெக்கப்பட வேண்டியது நீயா?"

சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையில் நெரிசல். பனிக்காலணிகளிலிருந்து வழிந்த நீர் தரையெங்கும் சேறாகக் கிடந்தது. பேர் பதிந்துவிட்டு இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். டோரீனை உடனே பார்ப்பதாகத் தாதி சொல்லியிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் குனிந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எதிர் வரிசையில், மரம் வெட்டுபவர்களின் கட்டம்போட்ட சட்டை போட்ட ஒரு பெரியவர், ஃபோனையும் மார்லிஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்கதானே அந்த அம்மா?" கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் காட்டினார். "என் சம்சாரத்துக்கு வாங்கினேன். உள்ள படுக்க வெச்சிருக்காங்க. டாக்டர் என்னைத் திட்டறாரு. நீங்க கொஞ்சம் உள்ள வந்து அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்!"

அறையில் இருந்தவர்களில் சிலர் நிமிர்ந்தார்கள். கதவு எந்தப் பக்கம் என்று மார்லிஸின் கண் தேடியது. ஓடியிருப்பாள். டோரீனின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. அந்தப் பழைய ஸ்டீயரிங் பிடி.

"உக்காருங்க அண்ணே" என்று டோரீன் பெரியவருக்கு இடம் விட்டாள். மார்லிஸின் ஃபோனை வாங்கி, தன் அழுகையும் நீலத் தண்ணீரும் இருந்த வீடியோவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். "மொதல்ல இதப் பாருங்க. பாத்துட்டு இது எப்படிச் செஞ்சதுன்னு இவகிட்ட கேளுங்க. சொல்லுடி."

மார்லிஸ் பெரியவர் பக்கம் திரும்பினாள். ஜன்னல் வெளிச்சம் இல்லை, வட்ட விளக்கு இல்லை, இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

"எனக்குச் சர்க்கரை இல்லீங்க" என்று தொடங்கினாள்.