வெள்ளி ராவு கைவிட்டுப் போன பிட்சர்

கல்முனையில் பேஸ்போல் பந்தைக் கையால் தொட்ட ஓர் ஆளைக் காட்டுங்கள், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரு சஹன் சோறு அவருக்கு நான் ஆக்கிப் போடுகிறேன். இங்கே கிரிக்கெட்டை விட்டால் வேறு பேச்சில்லை. ஆனாலும் நானும் கட்டாரில் வேலை செய்யும் என் கணவரும் நான்கு வருடமாக இணையத்தில் ஒரு பேஸ்போல் அணியை நடத்துகிறோம். ஆட்டக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளைகள். ஊரை விட்டுப் போனதிலிருந்து அவர் என்னோடு நின்று நிதானமாகக் கதைப்பது இந்த அணியைப் பற்றித்தான்.

யார் ஆடுவது, யார் வெளியே இருப்பது என்பது என் பொறுப்பு. அறிவித்தல்களை வாசித்து அவருக்குச் சொல்வதும் நான்தான். ஒப்பந்தம் மட்டும் அவர் கையில். அணி அவர் பெயரில் இருப்பதால் அவர் பொத்தானை அமத்தினால்தான் செல்லும். முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் அந்த ஆளை எந்த அணியும் தூக்கிக்கொண்டு போகலாம்.

எங்களிடம் ஓர் இடக்கைப் பிட்சர் இருந்தான், பந்து எறிகிறவன். பதினெட்டு வயதில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத நேரத்தில் எடுத்தது. போட்ட பந்துக்கெல்லாம் அடி வாங்கினான். "இவனக் கழட்டி விடு புள்ள" என்று இவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நான் விடவில்லை. இந்தப் பருவத்தில்தான் அவனுக்கு முன்னால் ஒருத்தனாலும் நிற்க முடியவில்லை. அவனுடைய ஒப்பந்தம் வியாழக்கிழமை இரவு எட்டு மணியோடு முடிகிறது என்று அறிவித்தல் வந்தது.

செவ்வாய்க்கிழமையே அவரிடம் சொன்னேன். "வெள்ளி ராவு எட்டு மணியோட முடியுது. மறந்திராதீங்க."

"ஓம் புள்ள, நான் செய்றன்."

எங்கள் ஊரில் வியாழக்கிழமை பொழுது சாய்ந்து மஹ்ரிப் பாங்கு சொன்னால் வெள்ளி ராவு தொடங்கிவிடும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பிட்சர் இல்லை. முதலாம் இடத்து அணிக்காரன், நாசமாய்ப் போற அறுவான், எட்டு மணி தாண்டியதும் கொத்திக்கொண்டு போயிருந்தான். எனக்குத் தலைக்குள் நெருப்பு ஏறியது. அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய அவருக்குப் போன் கோல் எடுத்தேன்.

"ஒரு பொத்தான் அமத்த ஏலாதா உங்களுக்கு? என்ன மனிசன் நீங்க!"

"ஏன் புள்ள கத்துற? இண்டைக்கு ராவுக்குத்தானே? வேல முடிஞ்சி வந்து செய்வம் எண்டு இருந்தன்."

"இண்டைக்கு ராவு சனி ராவு! வெள்ளி ராவு நேத்தோட போயிட்டு!"

"இங்க நாங்க வேலைக்காரர் தங்கிற கேம்பில ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறல்ல புள்ள. மறந்து போச்சு."

யா அல்லாஹ்! வெள்ளி ராவு தவறாமல் குர்ஆன் எடுத்து யாசீன் ஓதுகிற வீட்டில் வளர்ந்த மனிதர் இவர். பிட்சர் போனதை விட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"பிட்சர் போனாப் போகட்டும்" என்றேன். "உங்கட கொன்ட்ராக்ட் எப்ப முடியிது? அதச் சொல்லுங்க. முடிஞ்ச கையோட ஊருக்கு வாங்க."

அவர் இழுத்தார். "அது... போன மாசமே ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சிட்டன் புள்ள. உனக்கிட்ட எப்பிடிச் சொல்ற எண்டு இருந்தன்."

அதற்கு மட்டும் அவருக்கு நாள் தவறவில்லை.