சுவர் இல்லாமல் நின்ற வாசல் நிலைகள்

நகராட்சிக் கட்டட அனுமதிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், "அண்ணே, கவுண்டர்ல நீங்க ஏன் இவ்வளவு சத்தமாப் பேசுதீய?" என்று கேட்கிறார்கள். நான் பிறவியில் அப்படி இல்லை. நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே குனிந்துகொள்கிறவன். காரணத்தை வாயால் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

1. வாசல் மட்டும்

எங்கள் ஊரில் வளர்ச்சிக் கட்டணத்தை உயர்த்தித் தீர்மானம் போட்டிருந்த நேரம். ஏன் உயர்த்தினார்கள் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உப்பளமாகக் கிடந்த இடமெல்லாம் பிளாட் ஆகி வீடு வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை பெய்தால் தண்ணீர் போக வழி கிடையாது. வாய்க்கால், ரோடு, குடிநீர்க் குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பழைய ரேட்டில் அது நடக்காது. குறித்த தேதிக்குள் பிளான் வரைந்து ஆன்லைனில் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய ரேட், பிந்தினால் புது ரேட். விதி அவ்வளவுதான். இதைக் கடினமான அரசாங்கத் தமிழில் அச்சடித்து போர்டில் ஒட்டியிருந்தோம். யாராவது கேட்டால் நான் போர்டைக் கைகாட்டுவேன்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த உதவிப் பொறியாளர் மேடத்தோடு ஸைட் பார்க்கப் போனேன். பைபாஸுக்கு அப்பால் உள்ள லேஅவுட். எனக்கும் அங்கே ஒரு பிளாட் உண்டு. ஜீப்பை விட்டு இறங்கிய மேடம் அப்படியே நின்றுவிட்டார்.

பொட்டல் வெளியில் வரிசையாக வாசல் நிலைகள். சுவர் இல்லை, கூரை இல்லை. சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது. நிலைக்குள் பார்த்தால் தூரத்து உப்புக் குவியல் தெரிந்தது.

"என்னங்க இது? வீட்டைக் காணோம், வாசல் மட்டும் நிக்குது?"

பக்கத்துப் பிளாட்டில் நின்ற மளிகைக்கடை அண்ணாச்சி வேகமாக வந்தார். சாத்தான்குளத்துக்காரர், எங்கள் பஜாரில் கடை வைத்திருப்பவர்.

"நிலை வச்சாச்சுன்னா வேலை தொடங்கியாச்சுன்னுதான மேடம் அர்த்தம்? எங்களுக்குப் பழைய ரேட்டுதான?"

"யார் சொன்னது அப்படி?"

"ஒருத்தரும் சொல்லல. கண்ணால பாத்தோம்." அண்ணாச்சி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம சார் வீட்டு நிலைதான மொதல்ல நின்னுச்சு. ஆபீஸ்காரரு விஷயம் இல்லாமலா வைப்பாரு? ஊர்ல வாயத் தொறக்கவன் சொல்லுததெல்லாம் புரளி, இவரு வாயே தொறக்க மாட்டாரு, அப்ப இதுதான் உறுதியான சேதின்னு எங்க வீட்டம்மா சொல்லிட்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எந்த நிலையும் வைக்கவில்லை. என் பிளாட்டுக்கு நடந்தேன். அங்கேயும் ஒரு நிலை நின்றது. மாவிலையைக் கட்டியிருந்தது என் மகளின் பள்ளிக்கூட நீல ரிப்பன்.

மேடம் பக்கத்தில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைப் பார்த்தார்.

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது மேடம்."

"ரூல் என்னன்னு வீட்ல சொல்லலையா?"

காது சுட்டது. திட்டியிருந்தால் பரவாயில்லை. மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

2. என் 'ம்'

என் மனைவி செல்வி மறைக்கவில்லை.

"ரேட்டு கூடுதாமே, நாம என்ன செய்யணும்னு கேட்டேன். 'ம்'ன்னீய. நிலை வச்சிருவமான்னு கேட்டேன். அதுக்கும் 'ம்'. நல்ல நாளாப் பாத்து எங்க அண்ணனக் கூட்டிட்டுப் போயி வச்சேன்."

"ஏளா, என்னையக் கூப்பிடலயே?"

"நாலு பேரு கூடுத எடத்துக்கு நீங்க என்னைக்கு வந்திருக்கீய?"

கவுண்டரில் எத்தனை பேருக்கு இப்படி 'ம்' போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

3. இறக்கி வைத்தது

ஞாயிற்றுக்கிழமை லேஅவுட்டுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நிலை வைத்தால் போதாது, பிளான் போடுங்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. அண்ணாச்சி நேராகவே கேட்டார்.

"ஒம்ம நிலை நிக்கில்லா? அது நிக்கிற மட்டும் நீரு சொல்லுதத எப்படிவே நம்ப?"

அதுவரை 'சார்' என்றவர் 'வே'க்கு இறங்கிவிட்டார். கோபம் நியாயம்தான். என் நிலை நிற்கும்வரை என் பேச்சு எடுபடாது.

நட்ட நிலையை எங்கள் பக்கத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கூப்பிட்ட தச்சாசாரி வர மறுத்துவிட்டார். நானே முட்டுக் கம்பைத் தளர்த்தப் போனேன். சுற்றி எல்லோரும் நின்றார்கள். கூட வந்திருந்த செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் ரிப்பனை அவிழ்த்து முந்தானையில் முடிந்தாள்.

"பைய. கீழ போட்றாதீய. படுக்க வைங்க," என்றாள்.

இரண்டு பேரும் பிடித்துத் தரையில் படுக்க வைத்தோம். அண்ணாச்சி பக்கத்தில் வந்து கேட்டார்.

"பிளானுக்கு யாரப் பாக்கணும் சார்?"

கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கெடு முடியும்வரை அவர்கள் விண்ணப்பத்தோடேயே இருந்தேன். பெரும்பாலோர் கெடுவுக்குள் போட்டுவிட்டார்கள். சிலருக்கு முடியவில்லை. என் பிளானும் பிந்திவிட்டது. புது ரேட் கட்டினேன். அதில் வருத்தம் இல்லை. முடியாமல் போன அந்தச் சிலரைப் பஜாரில் பார்த்தால் இன்றைக்கும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறேன்.

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அது அடக்கம் இல்லை. நாம் சொல்லாத இடத்தில் ஊர் தானாக ஒன்றைச் சொல்லிக்கொள்ளும். போர்டைக் கைகாட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

அண்ணாச்சி வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். "இவரு தன் நிலையப் புடுங்கிப் போட்டதாலதான் என் நிலை நிக்கி," என்று முன்வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி அந்த வழியாகவே போனாள். நான் பின்பக்கமாகச் சுற்றி, அடுப்படி வழியாக உள்ளே நுழைந்தேன்.