செம்மண்ணில் இரும்புப் பஞ்சம்

என் அக்கா வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுபவர், போட்டிருந்த வேர்க்கடலையில் மஞ்சள் விழுந்தது. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெளிறிப் போயிருந்தது. ஆர்.கே.பேட்டை சாலையில் இருக்கும் அந்த நிலத்தை விட்டால் பாவாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. பூ விடுவதற்குள் பச்சை திரும்பாவிட்டால் காய் பிடிக்காது.

இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆகும் என்று படித்திருந்தேன். ஆனால் அது மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து இறங்கிய செம்மண். சிவந்திருப்பதே இரும்பால்தான். வேட்டியில் பட்டால் மூன்று சலவைக்கும் போகாது. அதில் இரும்புப் பஞ்சமா?

"கடைக்காரன் அன்னபேதி அடிக்கச் சொல்றான் மச்சான். அதுதான் இரும்பு உப்பாம்," என்றார் பாவா.

"முதல்ல மண்ணை டெஸ்ட்டுக்குக் கொடுப்போம். ரிப்போர்ட் வரட்டும் பாவா."

அரசு வேலையில் ஓய்வு பெற்றவன் வேறென்ன சொல்வான்? நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து குழி வெட்டினேன். மண்ணைக் கலந்து நாலாகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினேன். விதியிலிருந்து இம்மியும் பிசகவில்லை.

பரிசோதனைக் கூடத்துப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதால சார் வெட்டினீங்க?"

"மண்வெட்டியால."

"இரும்பு எவ்ளோன்னு பாக்க இரும்பாலயே வெட்டிக்கினு வந்தா எப்படி சார்? மூங்கில் குச்சியால எடுத்துக்கினு வாங்க."

மறுபடியும் வளைந்து நடந்தேன். பாவா வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னா மச்சான், நிலத்துக்குப் பல்லு குத்தறியா?"

முடிவு வர நாளாயிற்று. தாளில் இரும்பு 'போதுமானது' என்றிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இருக்குது சார். போர்த் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. இரும்பு கரையாம அப்படியே உக்காந்துகினு கீது. வேர் எடுக்க முடியல," என்றார் அந்தப் பெண்.

"சுண்ணாம்பு எங்கேயிருந்து வந்தது?"

"அதுவும் பாறையிலேர்ந்துதான்."

"அதே தண்ணி பாயற பக்கத்து நெல்லு பச்சையா இருக்கே?"

"அங்க தண்ணி நிக்குதில்ல சார், மண்ணுக்குள்ள காத்து போவாது. அப்ப இரும்பு கரையும்."

இரும்பைக் கொடுத்ததும் பாறை, பூட்டியதும் பாறை. பூட்டத் துணை போன தண்ணீரே பக்கத்து வயலில் திறந்தும் விடுகிறது. தாளின் பின்பக்கம் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றன. சரி, தண்ணீரையும் பரிசோதித்துவிடலாம் என்று பாவாவிடம் சொல்லப் போனேன்.

நிலம் பச்சையாக இருந்தது. பூவும் விட்டிருந்தது. ஓரத்தில் நான்கு சால் மட்டும் மஞ்சள்.

"கோச்சிக்காத மச்சான். நீ குச்சியோட வந்துட்டுப் போன மறுநாளே அன்னபேதி அடிச்சிட்டேன். உன் டெஸ்ட்டுக்குன்னு நாலு சால் வுட்டு வச்சிருக்கேன்."

"அதுல காய் பிடிக்குமா பாவா?"

"அடிச்சா பிடிக்கும். மருந்து மிச்சம் கீது."

ஒப்பிட்டுப் பார்க்க அந்த நான்கு சாலை அப்படியே விடுவதுதான் முறை. நான் தெளிப்பானை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். காலடியில் இரும்பு கிடக்க, கடையில் வாங்கிய இரும்பை இலையில் தெளித்தேன். பாவா பின்னாலேயே வந்தார்.

"இலைக்கு அடிப்பக்கமும் நனையணும் மச்சான். இன்னாத்துக்கு இப்படி அவசரம்?"