அது பாவாயி அக்கா கடை

பாவாயி அக்கா போய்விட்டார். நேற்றுக் காலையில். நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது...

சூரமங்கலத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில் ரெக்கார்டு கடை வைத்திருந்தாரே, அந்த அக்கா.

அழுதுகொண்டு எழுத வேண்டிய பதிவு இது. ஆனால் வயிறு எரிகிறது. அப்படியேதான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடலை எடுப்பதற்கு முன்பே ஒரு யூடியூப் சேனல் வீடியோ போட்டுவிட்டது. "கணவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுக் கடையைக் கண்ணாகக் காத்த பெண்மணி." பின்னணியில் சோக வயலின் வேறு. என் ஃபிரெண்ட் லிஸ்டில் பாதிப் பேர் அதை ஷேர் செய்திருக்கிறீர்கள்.

எந்தக் கணவர்? எப்போது விட்டுச்சென்றார்?

மாணிக்கம் அண்ணன் உயிரோடு இருக்கிறார் ஐயா! பந்தலில் பிளாஸ்டிக் சேரில், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் புண்ணியவானோ அந்த வீடியோவை அவரிடமே காட்டியிருக்கிறான்.

"நான் எங்கீங்க போனேன்?" என்று என்னைக் கேட்டார். "எனக்கு ரெக்கார்டுல ஊசி எடுத்து வெக்கக்கூடத் தெரியாதுங்க தம்பி. அது அவ கடைங்க."

வாழ்நாளெல்லாம் போர்வெல் ரிக் லாரி ஓட்டியவர் அவர். ஊருக்கு வந்தால் தூங்குவார். அவர் அந்த மாடிப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை.

போர்டில் 'மாணிக்கம் ரெக்கார்ட்ஸ்' என்று இருந்தது உண்மைதான். கட்டடக்காரர் பொம்பளை பேரில் அக்ரிமெண்ட் போட மாட்டேன் என்றார். அக்ரிமெண்டில் இருந்த பேரைப் பெயிண்டர் போர்டிலும் எழுதிவிட்டார். "கணவர் கடை" கதை மொத்தமும் இவ்வளவுதான்.

சேனலுக்கு மெசேஜ் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "கதைக்கு இதுதான் ப்ரோ நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. கூடவே ஒரு ஹார்ட்.

எடப்பாடியில் ஒரு தறிக்காரர் வீட்டில் பழைய ரெக்கார்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருமுறை அக்கா கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எல்லாவற்றையும் பழைய சேலையில் கட்டி, மடியில் நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.

"தட்டுக்கெல்லாம் லக்கேஜுங்களா?"

"என்ன தட்டுங்க, சோத்துத் தட்டா?"

"கேக்கற தட்டுங்க. எம்பட மடியில இருக்குது, உங்க பஸ்ஸா தூக்குது?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அடுத்த டிக்கெட்டுக்கு முன்னால் போய்விட்டார்.

அக்கா கடையில் தரை மரப்பலகை. யாராவது நடந்தால் ஊசி தாவிவிடும். அதனால் ஒரு சட்டம்... ரெக்கார்டு சுற்றும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. போன் வந்தாலும் சரி, பொண்டாட்டி கூப்பிட்டாலும் சரி.

போனில் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்காமல் தள்ளிவிடுகிறவன் நான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஒரு பக்கம் முழுக்கக் கேட்கக் கற்றேன். பிடிக்காத பாட்டும் வரும். அது முடிந்தால்தான் பிடித்த பாட்டு வரும். அந்தக் கிறுக்கில்தான் சம்பளத்தில் பாதியை வீட்டில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

சரி... இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சத்திரத்திலிருந்து வந்த பழைய ரெக்கார்டு ஒன்றை அக்காவிடம் வாங்கினேன். நடுவில் லேபிளில் நீல மையில் 'கருப்பண்ணன் ரேடியோ செட்' என்று எழுதியிருந்தது. கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் ரெக்கார்டில் பேர் எழுதி வைப்பார்களாம்.

கலெக்டர்ஸ் குரூப்பில் போட்டோ போட்டுப் பீற்றிக்கொள்ள ஆசை. லேபிளில் கிறுக்கல் இருந்தால் அங்கே கிரேடு குறைத்துவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் கிளினிக்கிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துவந்து துடைத்தேன். பேரும் போனது, கொஞ்சம் லேபிள் கலரும் போனது. அதைப் பெருமையாக அக்காவிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பேரு எங்கீங்க?"

"அழிச்சிட்டேன்க்கா. கிறுக்கலா இருந்துச்சு."

"கிறுக்கலா? அது ஒரு மனுசன் பேருங்க சாமி. ரெண்டு செட்டுக்காரரு ரெக்கார்டு கலந்துபோனா அந்தப் பேரைப் பாத்துத்தான் பிரிப்பாங்க. திருப்பி எழுதிப்போடுங்க."

அன்றிலிருந்து எனக்குத் தனிப் பெட்டி. பேர் எழுதாத ரெக்கார்டு மட்டும்தான் என் கண்ணில் காட்டினார். "உங்களுக்கு இதுதானுங்க" என்பார். நல்லதெல்லாம் அந்தப் பக்கப் பெட்டியில் இருக்கும்.

ஒரு நாள் கேட்டார். "எழுதிப்போட்டீங்களா சாமி?"

"எழுதிட்டேன்க்கா."

பொய். கிரேடு போய்விடும் என்று எழுதவே இல்லை. அக்கா நம்பினார். அந்தப் பக்கப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார். இன்றைக்கு என்னிடம் இருக்கும் நல்ல ரெக்கார்டுகள் எல்லாம் அந்தப் பொய்க்குப் பிறகு வாங்கியவை.

நேற்று பந்தலில் உட்கார்ந்தபடியே அந்தச் சேனல்காரனைத் திட்டி நாலு பக்கம் டைப் செய்தேன். பேரை அழிக்க நீ யார் என்று எழுதும்போது விரல் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து புதுச்சத்திரத்து ரெக்கார்டை எடுத்தேன். வெளுத்துப்போன இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'கருப்பண்ணன் ரேடியோ செட்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, இடம் பற்றாமல் கொஞ்சம் கோணலாக, 'பாவாயி ரெக்கார்டு கடை, சூரமங்கலம்'.

கிரேடு போச்சு. போகட்டும்.

இப்போது அதுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே யாரோ காலிங் பெல் அடிக்கிறார்கள்... நான் எழுந்திருக்கவில்லை.

எழுதிட்டேன்க்கா. போய்ட்டு வாங்க.